வயது சென்ற பெற்றாருடன் ஒரு நாட் பிரயாணம்

ஆடி, ஆவணி மாதங்களிலே, நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவ காலத்தை ஒட்டி, யாழ்ப்பாணத்து வீடுகள் பல திடீரென நிறைந்துவிடுகின்றன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவினர் வந்து சேருகின்றனர். இரண்டு மூன்று வாரங்களே நிற்பார்களாதலின் அவர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். வந்த மறு வாரமே படலையடியில் ஒரு வான் வந்து நிற்கும். பேரப்பிள்ளைகள், மருமக்கள், பலகாரப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் ஏறிய பின்னர், கடைசியாக ஒரு பாட்டியாரையோ பாட்டனாரையோ இருவர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றுவர். அன்றைய நிகழ்ச்சிநிரலைக் கேட்டால் நமக்கே மூச்சு வாங்கும். கோட்டை, நயினாதீவு, கசூரினாக் கடற்கரை, கீரிமலை, நிலாவரை, செல்வச்சந்நிதி, வல்லிபுரம். இத்தனையும் ஒரே நாளிலே! குடாநாடு சிறிது என்பது உண்மைதான். அதனை இவ்வளவு கடுமையாக நிரூபிக்க வேண்டியதில்லை.

கீரிமலையிலே வாகனங்கள் நிறுத்தும் இடத்திற்கு ஒரு விடுமுறை நாளிற் சென்று பாருங்கள். கதவு பாதி திறந்த வான் ஒன்றிலாவது ஒரு மூதாட்டியார் தனியே அமர்ந்திருப்பார். மற்றவர்கள் கேணியிலே நீராடிக்கொண்டிருப்பர். ‘நீங்கள் இறங்கவில்லையா, அம்மா?’ என்று கேட்டால், ‘ஏறி இறங்கிக் களைச்சுப் போனன், பிள்ளை. பிள்ளையள் பாத்துக்கொண்டு வரட்டும்’ என்பார். அந்தக் கேணியிலே எந்தப் படி வழுக்கும், எந்த மாதத்தில் நீர் உயரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட பிரயாணம் அது என்றுதான் வீட்டார் எல்லோரிடமும் சொல்லியிருப்பர்.

வயது சென்ற தாய் தந்தையரை ஒரு நாளைக்கு வெளியே அழைத்துச் செல்ல எண்ணுகிறவர், முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். அந்த நாள் யாருடைய நாள்? நம்முடையது என்றால் அவர்களை வீட்டிலே சௌகரியமாக விட்டுச் செல்வதே அன்பு. அவர்களுடையது என்றால் வழியை வகுக்கும் உரிமையும் அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. ‘எங்கே போக விருப்பம்?’ என்று நேரே கேட்டால் நம்மூர் முதியோர் மறுமொழி சொல்லமாட்டார்கள். ‘எனக்கென்ன, நீங்கள் போற இடத்துக்கு நானும் வாறன்’ என்பதே நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் விடை. பெற்றோற் செலவை எண்ணுவர். மகனுக்கு லீவு இல்லையே என்று எண்ணுவர். தமது கால் வலியினால் மற்றவர்களுடைய சந்தோஷம் கெடுமோ என்றும் எண்ணுவர். விருப்பம் இல்லாமையன்று, சொல்லக் கூச்சம். ஆதலின் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ‘பாடசாலைக்கு எந்த ஒழுங்கையால் நடந்து போனீர்கள்?’, ‘சந்தைக்கு ஆர் ஆர் சேர்ந்து போவீர்கள்?’, ‘திருவிழாவுக்கு வண்டில் கட்டிப் போனால் எவ்விடத்தில் மாடு அவிழ்ப்பீர்கள்?’ என்று, சமையல் வேளையிலோ முற்றத்திலே சாய்மனைக் கதிரையில் இருக்கும்போதோ ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்பொழுது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத பெயர்கள் வரும். ஒரு புளியமரம், ஒரு கேணி, ஒரு வயல்வெளி, இப்போது மூடிவிட்ட ஒரு கடை. அவற்றை ஒரு தாளிலே குறித்துக்கொண்டால் பிரயாணத்தின் பாதி ஏற்பாடு முடிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் இவ்வாறு கேட்டபோது, அவருடைய பிள்ளைகள் எதிர்பார்த்தபடி கோவில் எதனையும் அவர் சொல்லவில்லை. காங்கேசன்துறைப் புகையிரத நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்றார். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் அவர் சிறுவர்; தகப்பனாரின் சைக்கிளில் முன்னே அமர்ந்து வண்டி பார்க்கப் போனவர். 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரத சேவை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டது. பிள்ளைகள் அவரை அழைத்துச் சென்றனர். மேடையிலே உள்ள ஆசனத்தில் அமர்ந்து, வண்டி வரும்வரை இருந்து, வந்ததைப் பார்த்து, வீடு திரும்பினார். அவ்வளவுதான். இரண்டு மாதங்களாக அந்தக் கதையையே அயலாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, நம்முடைய நாட்டிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. மலை இல்லை, ஆறு இல்லை, அருவி இல்லை. நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்களின் குறை இது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அழகு உயர்ந்து நிற்பதன்று, பரந்து கிடப்பது. வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் வாழையும் பாத்தி பாத்தியாக நிற்கும். சிறிது தூரம் போனால் மண் சாம்பல் நிறமாகும், பனைகள் நெருங்கும். இன்னும் சிறிது தூரத்தில் நீரேரி வந்துவிடும். அரை மணி நேர ஓட்டத்துள் மூன்று நாடுகளைக் கண்டதுபோல் இருக்கும். இவற்றை இளைஞரின் கண் ஒரே வெளியாகக் காணும். விவசாயக் குடும்பத்திற் பிறந்த முதியவரோ, ‘உது தண்ணி நல்ல காணி’, ‘உந்தக் கிணறு சவர்’ என்று வாகனத்தில் இருந்தபடியே சொல்லிக்கொண்டு வருவார். அது வெறுங் கதையன்று. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே கீழிறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த கனமான உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. அந்த நன்னீர் வில்லையை நம்பியே ஆறில்லாத இந்த நிலம் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் அதற்கு ஆபத்தில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்து அளவின்றி இறைக்கத் தொடங்கியபின் பல கிணறுகளிற் கீழிருந்து உவர் ஏறியது. எந்தக் கிணறு எந்த ஆண்டிற் கெட்டது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இப்பொழுது நம் வீட்டுப் பின்விறாந்தைகளிலே அமர்ந்திருக்கிறார்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உறவினர் வரும் ஆடி ஆவணி, முதியோருக்கு ஏற்ற காலமன்று. சோளகக் காற்றுப் புழுதியை வாரி எறியும், வெயில் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியே உத்தமம். வயல்கள் விளைந்து நிற்கும் அல்லது அறுவடை நடக்கும். நீரேரிகளில் தண்ணீர் நிறைந்து, வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். காலையில் மெல்லிய பனி மூட்டம் இருக்கும். ஒரு கம்பளியோ தடித்த சால்வையோ கொண்டுசென்றாற் போதும். காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டுப் பதினொரு மணிக்குள் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட வேண்டும். உச்சிவேளைக்குப் பின்னர் அநேக கோவில்களில் நடை சாத்திவிடுவர். வெளிவீதி மணல் கொதிக்கும். செருப்பில்லாத முதிய பாதங்கள் அதனைத் தாங்கா.

வாகனத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வானிலே படி உயரம். இப்போதைய சிறிய கார்களிலோ ஆசனம் பள்ளம். முழங்கால் மடங்காத ஒருவருக்கு இரண்டும் தொல்லை. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வண்டிகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவற்றின் கதவு அகலம். ஆசனம் கதிரையின் உயரம். முதியவர் முதலில் இருந்து, பின்னர் கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய வண்டிகள் அவை. இன்னும் சில நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த வண்டியானாலும் முன்னாசனம் முதியவருக்கே உரியது. பின்னால் நடுவிலே இருத்திவிட்டு, இரு பக்கமும் பேரப்பிள்ளைகளை இருத்தினால் அவருக்குத் தெரிவது சாரதியின் பிடரி மாத்திரமே.

அடுத்த விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமோ என்று சிலர் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும். வெளியே புறப்படும் முதியோர் பலர், முக்கியமாகப் பெண்கள், தண்ணீர் குடியார். தாகம் இல்லாமையன்று, மலசலகூடம் எங்கே வருமோ, அங்கே குந்தி எழும்ப முடியுமோ என்ற பயம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர், வெயிலிலே நான்கு மணி நேரம் தண்ணீரின்றி இருந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பிள்ளைகள் அதை ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பர். ஆகவே வழியைக் குறிக்கும்போதே, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக, இருக்கை வைத்த மலசலகூடம் உள்ள இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் வீடே மிகச் சிறந்தது. முதல் நாளே தொலைபேசியிற் சொல்லிவிட்டால், அங்கே தேநீரும் இருக்கும், பழைய கதையும் இருக்கும். நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடாதீர்கள். நான் கண்டவரையில், முதியோருக்கு வீதி என்பது இடங்களுக்குப் போவதன்று, மனிதரிடம் போவது.

நமது முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பழைய வீதியோரங்களைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த சுமைதாங்கி. தலைச்சுமையுடன் வருபவர், ஒருவர் துணையுமின்றித் தாமே இறக்கி வைத்துத் தாமே ஏற்றிக்கொள்ளும் உயரம் அதற்கு. அருகே ஒரு கிணறு அல்லது கேணி. மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரஞ்சிக் கல். நிழலுக்கு ஆலோ அரசோ. சற்று அப்பால் ஒரு மடம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் இருந்தது. இறக்கி வைக்கமுடியாத சுமையோடு போனவளுக்காகப் பிறருடைய சுமையை இறக்க ஒரு கல்! மருதனார்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்று இன்று சாதாரணமாகப் பஸ் நடத்துனர் கூவும் பெயர்களெல்லாம் வழிப்போக்கர் தங்கிய மடங்களை நினைவூட்டுவன. பருத்தித்துறையிலே தெருமூடி மடம் இருக்கிறது. வீதியின் குறுக்கே கூரை. இரு பக்கமும் கற்றூண்கள். தூண்களுக்குள் உயர்ந்த திண்ணை. வண்டில் நடுவே போகும். நடந்து வந்தவர் ஓரத்திலே சாய்ந்திருப்பார். வீதிகளை அகலித்தபோது சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக் கற்களும் பல பெயர்க்கப்பட்டுவிட்டன. அகன்ற கார்ப்பெற் வீதியிலே காப்புறுதிக் கம்பனிகளின் விளம்பரப் பலகைகள் உண்டு. ஒரு கிழவர் அமர்ந்து இளைப்பாற ஒரு திண்ணை இல்லை. நம் பிரயாணத்துக்கு அந்தத் திண்ணையை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மடக்குக் கதிரை ஒன்று, குடை ஒன்று.

எந்தப் பக்கம் போவது? வடமராட்சி வழியை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வாழைத் தோட்டங்களூடே வீதி செல்லும். புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியிலே நிலாவரைக் கிணறு. இராமபிரான் அம்பு எய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். முன்னே சொன்ன வில்லையைக் கண்ணாற் காண்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பாதுகாப்புக்குச் சுற்றுவேலி இருக்கிறது. பத்து நிமிடம் போதும். அச்சுவேலியைக் கடந்ததும் வீடுகள் குறைந்து வல்லை வெளி தொடங்கும். இங்கே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இரு புறமும் மரமற்ற உவர்த்தரை, நீர், வானம். காற்று மாத்திரம் பேசிக்கொண்டிருக்கும். சாரதிகள் முனியப்பர் கோவிலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திச் செல்வது பழைய வழக்கம். இரவிலே வல்லை வெளியைக் கடந்த வண்டிற்காரர் கதைகள் ஒவ்வொரு வடமராட்சிக் குடும்பத்திலும் இரண்டாவது இருக்கும். பின்னாசனத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கும் இடமும் இதுதான்.

தொண்டைமானாற்றிலே செல்வச்சந்நிதி முருகன். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்றவன். மடங்களிலே சாதி, ஊர் வினாவாது சோறு போடுகின்றனர். வெள்ளிக்கிழமைச் சனத்தைத் தவிர்த்தால், முதியவர் ஆற்றங்கரையிலே நிழலில் அமர்ந்து நீரைப் பார்க்கலாம். அடுத்து வல்வெட்டித்துறை. கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர் மாலுமிகளுடன் கடல்களைக் கடந்து 1938 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கடற்கரை வீதியில் ஓடும்போது கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், இறங்கவே தேவையில்லை. பருத்தித்துறையிலே தெருமூடி மடத்தின் திண்ணையில் முதியவரைச் சற்று இருத்துங்கள். அவ்வூர் வடை பிரசித்தம். ஆனால் அது பல்லுள்ளவர்களுக்கு உரிய பதார்த்தம். பாட்டியாருக்குத் தேநீரில் ஊறவைத்தே கொடுக்க வேண்டும்.

வல்லிபுர ஆழ்வார் கோவிலையும் சேர்க்கலாமா என்று கேட்பர். முதியவர் ஆசைப்பட்டாற் சேர்க்கலாம். அப்பொழுது நிலாவரையை விட்டுவிட வேண்டும். வல்லிபுரத்திலே 1936 இல் அறியவந்த பொன்னேட்டுச் சாசனத்தைச் சரித்திரம் படித்தவர் அறிவர். வசப மன்னன் காலத்தது அது. ஆழ்வாருக்கு ஞாயிற்றுக்கிழமை விசேடம் ஆதலின் அன்று சனம் அதிகம். வேறு நாளிற் காலை வேளையிற் போனால் மணல்வெளி அமைதியாக இருக்கும். மணற்காட்டு மணற்குன்றுகளை வாகனத்திலிருந்தே காட்டுங்கள். கால் புதையும் அந்த மணலிலே ஊன்றுகோல் உதவாது.

தீவுப்பகுதி வழி வேறு வகை. பண்ணைப் பாலத்தினூடே வேலணைக்குச் செல்லும் வீதியும், பொன்னாலைப் பாலத்தினூடே காரைநகருக்குச் செல்லும் வீதியும் கடலின்மேல் நடப்பது போன்றன. கழிகளை நட்டுக் கட்டிய வலைகள், முழங்கால் நீரில் நின்று மீன் பிடிப்போர், கூட்டங் கூட்டமான நாரைகள். இந்தக் காட்சிக்காகவே போய்த் திரும்பலாம். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வேண்டும். தொண்ணூறு வயதிலும் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் படகேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க நான் யார்? ஆனால் படகுக்கும் துறைக்கும் இடையே உள்ள அந்த ஓரடி, இடுப்பெலும்பு முறிவதற்குப் போதிய அகலம். உற்சவ காலத்தை விட்டு, காற்றில்லாத காலையிலே, உடலுறுதி உள்ள இருவர் துணையுடன் போக வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நீண்ட ஆயத்தம் வேண்டும் ஒரு வழி உண்டு. அது வலிகாமம் வடக்கு. தூரம் அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர். ஆனால் 1990 யூன் 15 ஆந் திகதி அவ்வூர்களை விட்டு வெளியேறிய சனத்துக்கு அந்த 18 கிலோமீற்றர், இருபது வருடம், முப்பது வருடம், சிலருக்கு இன்னும் முடியாத தூரம். உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்த காணிகள் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன, விடுபடாதவையும் உள்ளன. 2025 ஏப்ரலிலே பலாலி வீதியின் அடைபட்டிருந்த பகுதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, பகலில் மாத்திரம், இடையில் இறங்காமல், நடவாமல், வாகனத்திற் செல்ல அனுமதி கிடைத்தது. அப்படியும் போனார்கள். நிற்காமல் ஓடும் வண்டியின் கண்ணாடிக்குள்ளால் தமது காணியைப் பார்த்த முதியோரின் நாள், எந்த உல்லாசப் பிரயாணக் கணக்கிலே சேரும்? கட்டுப்பாடுகள் மாறுவன. ஆதலால் அப்பக்கம் புறப்படுவோர் அந்தந்த வாரத்து நிலைமையை விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

என் தாயார் அப்பகுதியிலே பிறந்தவர். இப்பொழுது எழுபத்தெட்டு வயது. 1990 இலும், பின்னர் 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் நாவற்குழிப் பக்கம் பெயர்ந்தபோதும், இரண்டு தரம் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். காணி விடுவிக்கப்பட்ட பின்னர் ஒரு தை மாதத்துக் காலையில் அழைத்துச் சென்றோம். பிரதான வீதி இருந்தது, ஒழுங்கை இல்லை. வேலி, மதில், வீடு ஒன்றும் இல்லை. ஆளுயரத்துக்குப் பற்றை. அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நான் காணி உறுதியையும் வரைபடத்தையும் விரித்தேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. ‘தம்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டு கோயிலடிக்கு விடு. அங்கையிருந்து வந்தாத்தான் எனக்குத் தெரியும்’ என்றார். கோவிலடியிலிருந்து மிக மெதுவாக வந்தோம். பாடசாலை விட்டு வரும் சிறுமியைப்போல், வளைவுகளை விரலில் எண்ணிக்கொண்டே வந்தார். ‘இஞ்சை நிப்பாட்டு’ என்றார். பற்றைக்குள்ளே ஒரு துலாக்கால் தெரிந்தது. பக்கத்திலே கிணறு, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு மூலை உடைந்தபடி. அந்த மூலையைத் தமது அண்ணன் தேங்காய் உடைத்துச் சேதமாக்கிய கதையை அவர் எனக்கு முன்னர் சொன்னதேயில்லை.

அங்கிருந்து மிச்சம் எல்லாவற்றையும் அவர் அளந்துவிட்டார். கிணற்றிலிருந்து இத்தனை அடி குசினி. அதற்குத் தெற்கே மாட்டுக் கொட்டில். இந்தப் பக்கம் பாட்டனார் படுத்திருந்த தலைவாசல். என் மகள் சுள்ளிகளை நட்டு நட்டு அடையாளம் வைத்தாள். அயலிலே குடியேறியிருந்த ஒருவர் வாளியும் கயிறும் தந்தார். நெடுங்காலம் இறையாத கிணற்று நீரைக் குடிக்கலாகாது என்று நான் சொல்ல, ‘குடிக்கேல்லை’ என்று காலிலே ஊற்றிக்கொண்டார். முக்கால் மணி நேரம் இருந்தோம். திட்டப்படி அதன் பிறகு கீரிமலையும் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோவிலும் இருந்தன. ‘போதும், வீட்டை போவம்’ என்றார். போனோம். இத்தகைய இடத்தைப் பார்க்கும் நாளிலே வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். காலையை அதற்கே விட்டு, மாலையை வெறுமையாக விட வேண்டும். முதியவர் வீட்டுக்கு வந்து உறங்குவார், அல்லது பேசுவார். பேசினால் யாராவது ஒருவர் அருகில் இருந்து எழுதிக்கொள்வது நல்லது. சுள்ளி நட்ட அந்த அளவுகளை என் மகள் அன்றிரவே கொப்பியில் படமாக வரைந்துவிட்டாள். இப்போது அதிலே மேலும் இரண்டு மரங்களும் ஒரு கோழிக்கூடும் சேர்ந்திருக்கின்றன.

கீரிமலைக்கு இன்னொரு நாளிற் போனோம். நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசித்துவிட்டுக் கேணிக்குப் போங்கள். கடலிலிருந்து சில அடி தூரத்திலே நன்னீர் ஊறும் அந்த அதிசயத்தை எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. பெண்களுக்கு மறைப்புள்ள வேறு கேணி உண்டு. படிகளிற் பாசி இருக்கும். முதியவரை இறக்க முயலாமல் மேற்படியில் இருத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன செம்பினால் முகந்து ஊற்றுங்கள். தந்தையை இழந்தோர் கூடும் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் விரதமிருக்கும் சித்திரா பூரணையிலும் அங்கே இடம் இராது, அந்நாட்களை விலக்கிக்கொள்ளலாம்.

திரும்பும் நேரம் நான்கு மணிக்குப் பிந்தக்கூடாது. மாலையில் எதிர்வெயில் கண்ணில் அடிக்கும். கண்ணிற் புரை உள்ளவர்களுக்கு அது வேதனை. இருட்டிலே படலை திறந்து, படியேறி, விளக்குப் போடுவதும் விழுவதற்கு வழி. வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வைத்து ஒரு மணி நேரம் படுக்கட்டும். மறுநாட் காலையில் பாதம் சிறிது வீங்கியிருந்தால் அது நெடுநேரம் தொங்கவிட்டு இருந்ததனால் இருக்கலாம். இரண்டாம் நாளும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த பிரயாணத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். அதற்குள் அவரே, கேளாமல், இன்னோர் ஒழுங்கையின் பெயரைச் சொல்லக்கூடும்.